சாப்டியான்னு கேக்கப் போன மூணு நாளு

நான் ஃபாரின் போய்ட்டு வந்துட்டேன் மாமு. மூணு நாளு டூரு. ஏரோப்ளேன்ல ஜன்னல் சீட்டு, கையில ஜூஸு, கீழ குனிஞ்சி பாத்தா மேகம்.

பொய்யி. ஏரோப்ளேன் இல்ல, என்னோட மீன்பாடி வண்டி. ஜன்னலே கெடியாது, நாலு பக்கமும் ஓப்பனு. கீழ குனிஞ்சி பாத்தா ரோட்டுப் பள்ளம். ஃபாரினும் இல்ல, எர்ணாவூரு. ராயபுரத்துலேந்து கடல சோத்தாங்கை பக்கமா வச்சிகினு வடக்கால போனா வந்துரும். ஆனா ஒண்ணு சொல்றேன். நாப்பத்தி மூணு வருசமா ராயபுரத்துல கீறேன், மீன் கூடைய எறக்கிட்டு திரும்புறத தவிர எர்ணாவூர்ல நான் நின்னு மூச்சு வுட்டதே இல்ல. ஒரு ஊர்ல மாடி ஏறி, வூட்டு வாசல்ல நின்னு, "இன்னாமா, நல்லா கீறியா"ன்னு கேட்டாதான் அந்த ஊருக்கு போனதா கணக்கு. அப்டி பாத்தா எனக்கு இது ஃபாரின்தான்.

எம் பேரு ஏழுமல. படிப்பு மூணாங்கிளாஸு. அதுலயும் ரெண்டாங்கிளாஸ்ல ரெண்டு வருசம் தங்கி, அஸ்திவாரத்த கெட்டியா போட்டுகினுதான் மூணுக்கு போனேன். எழுத வராது. இப்ப வண்டி மேல குந்திகினு போனாண்ட பேசிகினு கீறேன், அது பாட்டுக்கு எழுதிக்குது. தப்பு இருந்தா போன திட்டுங்க.

வருசா வருசம் வெயில் காலத்துல கடலுக்கு லீவு வுட்ருவாங்க. மீனு முட்ட போட்ற நேரம், பெரிய போட்டுங்க போகக்கூடாது, தடைக்காலம். மீனுக்கு பிரசவ லீவு, நமக்கு பட்டினி லீவு. காசிமேட்ல என் வண்டி சும்மா நின்னுகினு கீது, நான் அது மேல சும்மா படுத்துகினு கீறேன். அப்ப ஒரு நர்சம்மா வந்து நிக்கிறாங்க. வெள்ள கோட்டு, தோள்ல பை, மூஞ்சில வேர்வ.

"அண்ணே, மூணு நாளைக்கு வண்டி வருமா? எர்ணாவூரு குடியிருப்புக்கு. எட மிஷினு, மருந்துப் பொட்டி, அப்புறம் நானு."

"மேடம், இது மீனு வண்டி. வாசனயா கீமே?"

"எங்கப்பா தூத்துக்குடியில இருந்து வந்து இங்கன கருவாட்டுக் கட வச்சவுக. எனக்கு இதெல்லாம் சென்ட்டு அண்ணே."

அவுங்க பேரு எஸ்தரு. சுகாதார நிலையத்து நர்சு. வேல இன்னான்னு அவுங்களே சொன்னாங்க. எந்த ஏரியாவுல ஜனங்க வேள தவறி சாப்டறாங்களோ, அங்க ஒரு பொது சமயக்கட்டு வரப் போவுது. அந்த ஏரியா பொம்பளைங்களே சமைப்பாங்க. வெறும் சோறு போட்றது மட்டும் இல்ல. வாரா வாரம் புள்ளைங்கள எட போட்டு, மாசமா கீற பொண்ணுங்களுக்கு ரத்தம் பாத்து, எவுங்களுக்கு எது கம்மியோ அத்த அண்டாவுல போட்டு குடுக்கறது. ரெண்டு அண்டா, ஒரு பெரிய அடுப்பு, ராயபுரத்துல ரெடியா கீது. ஆனா பெரிய டாக்டரம்மா ஒரு கண்டிசன் போட்டுட்டாங்க. வூடு வூடா கேட்டு லிஸ்டு எடுக்கணும். மூணாவது நாளு சாயங்காலம் அஞ்சு மணிக்கு போன் பண்ணுவாங்க. லிஸ்ட்ல பேரு நெறய இருந்தா அண்டா எர்ணாவூருக்கு. இல்லாங்காட்டி வேற ஏரியாவுக்கு.

"இவ்ளோதானா? சாப்டியான்னு கேக்கப் போறோம், இல்லன்னு சொல்லப் போறாங்க. ஒரே நாள்ல முடிச்சிட்டு பாக்கி ரெண்டு நாளு நான் தூங்குறேன்"னு உதாரு வுட்டேன். நர்சம்மா என்ன ஒரு பார்வ பாத்தாங்க. இந்த மாதிரி உதார நெறய பாத்தவங்க மூஞ்சி அது.

மொத நாளு.

மீன்பாடி வண்டில முன்னாடி பலக, பின்னாடி டிரைவரு. பலக மேல ஒரு பிளாஸ்டிக் சேரு கட்டி, அதுல நர்சம்மாவ குந்த வச்சேன். மடியில மருந்துப் பொட்டி, காலாண்ட எட மிஷினு. ரோட்ல போறவன்லாம் தேரு வருதான்னு பாத்தான். தேருக்கு பின்னால ரெண்டு பூன வந்துகினு கீது. என் வண்டி எங்க போனாலும் பூன வரும், அது என் ரசிகர் மன்றம்.

எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி லைனு. உங்க ஊர்ல காலைல கோலம் மாதிரி எங்க ஊர்ல கண்டெய்னரு, விடிஞ்சா போட்டு வச்சிருப்பாங்க. ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்து போய்ரலாம்னு வுட்டேன் பாரு, பலக சிக்கிகிச்சி. முன்னாடியும் போவல, பின்னாடியும் வர்ல. நர்சம்மா சேரோட லாரி டயராண்ட மூஞ்சிய வச்சிகினு அசையாம குந்திகினு கீறாங்க.

பக்கத்து லாரி டிரைவரு எறங்கி வந்தான். பீகார் ஆளு. லாரி சைடு பொட்டிய தொறந்து ஸ்டவ்வு பத்த வச்சி ரொட்டி சுட்டுகினு இருந்தான், அப்டியே கரண்டியோட வந்து வண்டிய தூக்கி வெளில வுட்டான். எனக்குத் தெரிஞ்ச இந்தி மொத்தம் நாலு வார்த்த. அதுல ரெண்ட செலவு பண்ணி, "சாப்டியா?"ன்னு கேட்டேன்.

அவன் இந்தியில சொன்னத நர்சம்மா தமிழ்ல சொன்னாங்க. "எங்க சாப்ட்டேன்? நேத்து சாப்ட்டது. பசி உசுர எடுக்குது. நீ சாப்ட்டியா?"

"ஓ, சாப்ட்டேனே"ன்னேன். நான் சொல்லி முடிக்கல, என் வயிறு ஒரு சவுண்டு குடுத்துச்சி பாரு, பின்னாடி லாரிக்காரன் ஹாரன்னு நெனச்சி திரும்பிப் பாத்தான். பீகார்காரன் சிரிச்சிகினே இன்னாவோ சொன்னான்.

"இன்னா மேடம் சொல்றான்?"

"ஒங்க வாயி சாப்ட்டுச்சாம், வயிறு சாப்பிடலயாம். அப்படிங்கான் அண்ணே."

ரொட்டி, வெங்காயம், பச்ச மொளகா. ஒரு ரொட்டிய என் கையில திணிச்சிட்டுதான் வுட்டான். சொல்றேன் மாமு, எங்க வூட்டு சப்பாத்தி அது பக்கத்துல நின்னா செருப்பு தெக்கறதுக்குதான் ஆவும். இத்த எங்க வூட்ல சொல்லிடாத.

எர்ணாவூரு குடியிருப்பு நாலு மாடி. நீளமா தாழ்வாரம், தாழ்வாரம் முழுக்க வூடு. எங்க ராயபுரத்துல மூக்க தொறந்தா மீனு. இங்க மூக்க தொறந்தா இன்னான்னே தெரியாத ஒரு வாசன, ஃபாக்டரி பக்கத்துலேந்து வருது. மீனு நாத்தத்துக்கு ஒரு பேராவது கீது. கடல்கரையாண்ட குடிச போட்டுகினு இருந்தவங்கள பாதி பேர இங்க கொண்டாந்து வுட்டுகீறாங்க. வூடு கெட்டியா கீது, சொவுரு கெட்டியா இல்ல. இந்த வூட்ல தும்முனா அந்த வூட்ல "நூறாயுசு"ன்னு சொல்றாங்க.

கீழ மரத்துல எட மிஷின கட்டி, துணித் தூளில புள்ளைங்கள குந்த வச்சி எட பாக்கறது என் வேல. நமக்கு இது கை வந்த கல. மீனு எட போட்டு போட்டு மரத்துப் போன கையி. மொத புள்ளைய தூக்கி வச்சதும் பழக்க தோசத்துல, "போடு, ஒண்ணே முக்கா கூட வரும்!"னு கத்திட்டேன். அந்த புள்ளையோட அம்மா என்ன முறச்ச முறப்புல நானே எட கொறஞ்சிட்டேன்.

அப்பால மாடி. கதவு தட்டி நர்சம்மா ஃபார்ம் பாத்து கேப்பாங்க. "போன மாசத்துல என்னைக்காவது வீட்ல சாப்பாடு இல்லாம இருந்தீயளா?"

"இல்லமா."

"காலைல சாப்ட்டியளா?"

"ஓ. நாஷ்டா ஆச்சுமா."

அடுத்த வூடு. "ஆச்சு." அதுக்கு அடுத்த வூடு. "இப்பதான் கைய கழுவுனேன்." கை காஞ்சி கீது. மாடி முழுக்க கேட்டாச்சு, எல்லாம் துன்னுட்டாங்க. ஒரே ஒரு பெருசு மட்டும் "இல்லபா"ன்னாரு. நர்சம்மா ஆசையா பேனாவ எடுத்தாங்க. "பீடியும் இல்ல, இருந்தா குடு"ன்னாரு.

ரெண்டாவது மாடில ஒரு கதவு தொறந்துச்சி. "ஏழுமலண்ணா! நீ எங்க இங்க?"

தேவி. நம்ம தெருப் பொண்ணு. இங்க மாத்தி வுட்றதுக்கு முன்னாடி ராயபுரத்துல எங்க வூட்டுக்கு நாலாவது வூடு. புருசன் குமாரு, அடுத்தவன் போட்ல கூலிக்கு போறவன். போட்டு கரையில கட்டிகீது, இவன் வேல தேடிகினு அலையறான். தேவி மாசமா கீறா, ஆறாவது மாசம். வயிறு மட்டும் முன்னாடி வந்து நிக்கிது, பாக்கி பொண்ணு பின்னாடி எங்கியோ கீது.

நர்சம்மா அவ கண்ணு கீழ எமைய இழுத்து பாத்தாங்க. வெள்ளையா கீது. விரல்ல குத்தி ரத்தம் பாத்துட்டு, "ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கேட்டி. இப்படியே போனா பிரசவத்துல உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. நேரத்துக்கு சாப்பிடுதியா?"ன்னு கேட்டாங்க.

"சாப்டறேன்கா. வேளைக்கு சாப்டறேன்." சொல்லும்போதே உள்ள குக்கரு விசிலு. ஒண்ணு, ரெண்டு, மூணு. "பாருங்க, சமயல் ஆவுது"ன்னு சிரிச்சா. "அண்ணா, ஒரு வாய் சாப்ட்டு போண்ணா."

"இல்லமா, இப்பதான் சாப்ட்டேன்"ன்னு நானும் சிரிச்சேன். பாதி ரொட்டிதான் துன்னுருந்தேன். நர்சம்மா ஃபார்ம்ல "சாப்பாடு உண்டு"ன்னு எழுதிகினாங்க.

திரும்பி வரும்போது தேரு மேல குந்திகினு நர்சம்மா எட எழுதுன பேப்பர புரட்டிகினே வந்தாங்க. சுங்கச்சாவடியாண்ட வந்துதான் பேசுனாங்க. "பிள்ளைக எட எல்லாம் கொறவா இருக்கு அண்ணே. வீட்ல எல்லாரும் சாப்பிடுதாங்களாம். அப்ப அந்த சாப்பாடு எங்கன போவுது?"

எனக்கு இன்னா தெரியும். "பூன துன்னுதோ இன்னமோ மேடம்"ன்னேன். சிரிக்கல.

ரெண்டாவது நாளு.

நான் ஐடியா குடுத்தேன். என் ஐடியாவ கேக்கற அளவுக்கு நர்சம்மா நொந்து போய்கீறாங்கன்னு புரிஞ்சிக்கோ. "மேடம், சாப்டியான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லுவாங்க. இன்னா கொழம்புன்னு கேளுங்க. பொய்யி சொல்றவன் முழிப்பான்."

கேட்டோம். மொத வூடு, சாம்பாரு. ரெண்டாவது வூடு, சாம்பாரு. ஒருத்தரும் முழிக்கல. மொத்த மாடியும் சாம்பாரு மாமு! எங்க தெருவுல ஒரு வூட்ல சாம்பாரு வச்சா தெரு முனையில பெருங்காயம் தூக்கும். இங்க மாடி முழுக்க சாம்பாரு, மூக்குல ஃபாக்டரி வாசன மட்டும்தான் வருது.

மத்தியானம் வெயிலு மண்டய பொளக்குது. விம்கோ நகர் பக்கம் போயி அத்தோ துன்னுட்டு வரலாமான்னு நான் நெனச்சிகினு கீறேன். பர்மாக்காரங்க கட, நூடுல்ஸு மேல வறுத்த வெங்காயம், முட்ட, பக்கத்துல வாழத்தண்டு சூப்பு. நெனப்பு சூப்புல கீது, அப்ப மாடிப்படில கொடம் உருள்ற சத்தம். ஓடிப் போயி பாத்தா தேவி. பம்புலேந்து தண்ணி எடுத்துகினு ஏறுனவ தல சுத்தி படியிலயே குந்திட்டா. தண்ணி படி படியா ஓடுது.

நர்சம்மா அவ கைய புடிச்சி நாடி பாத்துகினே, "என்னட்டி சாப்ட்ட?"ன்னாங்க.

"சாப்ட்டேன்கா. சாம்பாரு."

"பொய்யி!"

குரலு பக்கத்து வூட்லேந்து. ஒரு அக்கா இடுப்புல கை வச்சிகினு வந்து நிக்கிறாங்க. மேரிக்கா. அம்பது வயசு இருக்கும், குரலுக்கு மட்டும் இருவது. "நானும் ரெண்டு நாளா பாத்துகினுதான் கீறேன். இவ சாப்ட்டாளா? மூணு நாளா இவ அடுப்புல ஒண்ணும் வேவல. கரண்டு அடுப்புல குக்கர வச்சி, உள்ள வெறும் தண்ணிய ஊத்தி விசிலு வுட்றா!"

தேவி தலய குனிஞ்சிகினா. "இல்லக்கா..."

"இன்னா இல்ல? பருப்பு வெந்தா வாசன வரும். தண்ணி வெந்தா விசிலுதான் வரும். என் மூக்குக்கு தெரியாதா? இவளுக்கு ரேஷன் கார்டு இன்னும் ராயபுரத்து அட்ரஸ்ல கீது நர்சம்மா. இந்த வயித்த தூக்கிகினு பஸ் ஏறி போயி அரிசி வாங்கியாருவாளா? வயிறு எர்ணாவூர்ல, அரிசி ராயபுரத்துல!"

நேத்து அந்த விசில கேட்டுட்டுதான நான் பல்ல காட்டிகினு எறங்குனேன். ஆனா சீரியஸா நின்னு எனக்கு பழக்கம் இல்ல. வாயி சும்மா இருக்காம, "அது சரி, நீ சாப்டியா மேரிக்கா?"ன்னு கேட்டேன்.

"நானா? நான் ஆச்சு. எனக்கு இன்னா கேடு."

குனிஞ்சிகினு இருந்த தேவி தலய தூக்குனா பாரு. "பொய்யிண்ணா! அவுங்க பேரப் பசங்க ரெண்டு பேரு கீறாங்க. இஸ்கூலு லீவு வுட்டதும் காலைல டிபனும் லீவு, மத்தியான சாப்பாடும் லீவு. இருக்கறத பசங்களுக்கு போட்டுட்டு இந்தக்கா டீய குடிச்சிகினு கீது. ராத்திரி ஏப்பம் மட்டும் சத்தமா வுடும், எனக்கு கேக்கட்டும்னு!"

"ஏய், என் ஏப்பத்த பத்தி பேசாத!"

"நீ என் விசில பத்தி பேசல?"

ரெண்டு பேரும் படிக்கட்ல நின்னு சண்ட. அதுக்குள்ள எதுத்தாப்ல கதவு தொறந்து இன்னொருத்தி, "ரெண்டும் பட்டினி நர்சம்மா, எழுதிக்கோங்க"ன்னா. "ஆமா, இவ பெரிய விருந்து துன்னுட்டா"ன்னு ரெண்டு பேரும் சேந்து அவ மேல பாஞ்சாங்க. ஒருத்தரும் தன் வூட்ட பத்தி வாய தொறக்கல. ஆனா அடுத்த வூட்டு அடுப்புல இன்னா வெந்துச்சி, எத்தினி தட்டு கழுவுனாங்க, எந்த புள்ள அழுதுகினு தூங்குச்சி, எல்லாம் மனப்பாடமா கீது.

நர்சம்மா படியில அப்டியே குந்திட்டாங்க. ஃபார்ம திருப்பி பாத்தாங்க, என்ன பாத்தாங்க. "அண்ணே, நாம தப்பான கதவ தட்டிட்டோம்."

மூணாவது நாளு.

ஃபார்ம மடிச்சி பைல வச்சிட்டு நர்சம்மா ஒரு வெள்ள நோட்டு எடுத்துகினாங்க. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் ஒரே கேள்வி, மெதுவா, அடுத்த வூட்டுக்கு கேக்காத மாதிரி. "உங்க பக்கத்து வீட்டுக்கு சாப்பாடு குடுத்தா தேவலயா?"

மாமு, நேத்து வரைக்கும் "ஆச்சு ஆச்சு"ன்ன அதே வாயி.

"அய்யோ, அந்த வூட்டுக்கு மொதல்ல குடுமா. அவரு கால் ஒடஞ்சி குந்திகினு கீறாரு."

"பக்கத்து வூட்டு பாய் தன்மானஸ்தரு. கேக்க மாட்டாரு. நீங்களா கொண்டு போயி குடுங்க."

பேனா நிக்காம ஓடுது. நான் பின்னாடி தண்ணி பாட்டில தூக்கிகினு நடக்கறேன், வேற இன்னா தெரியும் எனக்கு. மூணாவது மாடி கடசில வந்துதான் நின்னுச்சி. லட்சுமின்னு ஒருத்தி. கொடிக்கயிறு யாருதுன்னு சண்ட போட்டு, பக்கத்து வூட்டு சரசாவோட ஒரு வருசமா பேச்சு இல்ல. கேள்விய கேட்டதும் மூஞ்சிய திருப்பிகினா.

"அவளா? அவளுக்கு வாயி மட்டும்தான் நீளம்."

சரி, இது தேறாதுன்னு நகுந்தோம். நாலு அடி வச்சிருப்போம், பின்னாடியே வந்தா. "யம்மா. எழுதிக்கோ. அவ சின்ன புள்ள ராத்திரில பசில அழுவுது, சொவுத்துல கேக்குது, என்னால தூங்க முடியல. அந்த புள்ள பேர மொதல்ல எழுது. நான் சொன்னேன்னு மட்டும் அவளாண்ட சொன்ன, அவ்ளோதான்."

சரசா வூட்ல கேட்டோம். "எழுதுங்க, ஆனா நான் சொன்னேன்னு அந்த ராட்சசியாண்ட சொல்லிடாதீங்க"ன்னா.

சாயங்காலம் அஞ்சு மணி. மரத்தடி. நோட்டு முக்கால்வாசி ரொம்பிகீது. தேவி, மேரிக்கா, இன்னும் ஒரு பத்து பேரு சும்மா நிக்கிற மாதிரி நின்னுகினு கீறாங்க. போன் அடிச்சிச்சி. நர்சம்மா ஸ்பீக்கர்ல போட்டாங்க.

நடந்தத எல்லாம் சொன்னாங்க. டாக்டரம்மா கேட்டுட்டு, "எஸ்தர், ஃபார்ம்ல அவங்கவங்க சொல்ற பதிலத்தானே கேட்டிருக்கு? பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னத வச்சு நான் எப்படி அனுப்புறது? நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?"ன்னாங்க.

"டாக்டர், இங்கன யாரும் தன்னப் பத்தி நெசத்த சொல்ல மாட்டாக. வெக்கப்படுதாக."

"அது உன்னோட ஊகம். ஃபார்ம்ல ஒரு பேரு கூட இல்ல. எனக்கும் மேல பதில் சொல்ல ஆள் இருக்காங்க."

தேவி வயித்து மேல கைய வச்சிகினு தரைய பாத்துகினு கீறா. அண்டா வேற ஏரியாவுக்கு போய்கினே கீதுன்னு எனக்கு தோணிச்சி.

டாக்டரம்மா கொஞ்சம் எறங்குனாங்க. "சரி, குரலே ஒரு மாதிரி இருக்கு. நீ மதியம் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் டாக்டர்."

என்னால முடியல மாமு. "பொய்யி மேடம்!"னு கத்திட்டேன்.

"யாரது?"

"வண்டி மேடம்."

"வண்டி பேசுதா?"

"பேசும் மேடம், கொஞ்சம் ஓவராவே பேசும். நர்சம்மா மத்தியானம் டப்பாவ தொறந்து தேவி கையில குடுத்துட்டாங்க. தேவி கேட்டதுக்கு, நான் வர்ற வழியிலயே சாப்ட்டேன்ட்டாங்க. வர்ற வழி பூரா நான்தான ஓட்டியாந்தேன்? ஒரு டீ கூட குடிக்கல. பக்கத்துல இருந்து பாத்தவன் நானு, எழுதிக்கோங்க!"

போன் கட் ஆய்டிச்சான்னு நர்சம்மா பாக்கறாங்க. அப்பால ஒரு சிரிப்பு கேட்டுச்சி. பெரிய டாக்டரம்மா அப்டி சிரிப்பாங்கன்னு நர்சம்மாவுக்கே தெரியாதாம்.

"எஸ்தர், ஃபார்ம்ல பக்கத்து வீட்டு பதிலுக்குன்னு ஒரு கட்டம் போடு. நான் கையெழுத்து போடுறேன். வண்டி அண்ணே, நீங்க வந்து அண்டாவ ஏத்துங்க."

மேரிக்கா என் முதுகுல ஒண்ணு வச்சாங்க பாரு, பாராட்டா அடியான்னு இன்னி வரைக்கும் வலிச்சிகினு கீது.

அண்டாவ ஏத்திகினு வந்ததுதான் டூர்லயே பேஜாரான பயணம். முன்னாடி பலகைல ரெண்டு அண்டா, பின்னாடி நான். எனக்கு ரோடே தெரியல. குமாரு முன்னாடி ஓடிகினே, "லெப்ட்டுண்ணா, ரைட்டுண்ணா"ன்னு கத்திகினு வர்றான். அவனுக்கு லெப்ட்டு ரைட்டு குழப்பம்னு பாதி வழிலதான் தெரிஞ்சிச்சி. இதுல கண்டெய்னர் லைன்ல யாரு? அதே பீகார்காரன்! துறைமுகத்துல எறக்கிட்டு அடுத்த லோடுக்கு திரும்பவும் அதே லைன்ல நிக்கிறான். ஸ்டவ்வு எரியுது. இந்த வாட்டி அவன் சாப்டியான்னு கேக்கவே இல்ல. என் மூஞ்சிய பாத்தான், நாலு ரொட்டிய எடுத்து அண்டாவுக்குள்ள போட்டான். அந்த அண்டால மொத மொத வுழுந்த சாப்பாடு அதான்.

இது நடந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. தடைக்காலம் முடிஞ்சி போட்டுங்க கடலுக்கு போய்டுச்சி. காலைல காசிமேட்ல மீனு லோடு அடிச்சிட்டு, மத்தியானம் நான் இங்க வந்துட்றேன், காய்கறி எறக்க. மரத்தடில ஷெட்டு போட்டு சமயக்கட்டு. தட்டு எடுத்துகினு வர ஜனங்க வெக்கப்பட்டாங்கன்னு மேரிக்கா ஒரு ரூல் போட்டாங்க. யாரும் தனக்கு வாங்கக் கூடாது, பக்கத்து வூட்டுக்குதான் வாங்கியாரணும். இப்ப தூக்குச்சட்டி இந்தக் கையி அந்தக் கையி மாறி எல்லார் வூட்டுக்கும் போய்டுது. இன்னிக்கு சாம்பாரு. நெஜ சாம்பாரு, ஃபாக்டரி வாசனையே தோத்துச்சி. கூட முருங்கக்கீர, முட்ட. தேவி ஒக்காந்துகினே கீர ஆய்ஞ்சி குடுக்கறா. நேத்து நர்சம்மா அவ கண்ண இழுத்து பாத்துட்டு, "செவப்பு எட்டிப் பாக்குதுட்டி"ன்னாங்க. அதுக்கு போயி அழுவறா அந்த பொண்ணு.

அத்த வுடு, பெரிய விசயம் வேற கீது. லட்சுமியும் சரசாவும் நேத்து ஒரே கொடில துணி காய வச்சிகீறாங்க. எப்டி ஆச்சுன்னு கேளு. காலைல லட்சுமி தூக்குச்சட்டிய எடுத்துகினு சரசா வூட்டு கதவாண்ட போயி நின்னுகினு, கதவ தட்டலாமா வேணாமான்னு, அப்ப உள்ளேந்து அந்த சின்ன புள்ள...

"ஏழுமலண்ணா! சாப்ட்டியா?"

தேவிதான், ஷெட்லேந்து.

"ஆச்சுமா! இப்பதான்!"

"பொய்யி!" ரெண்டாவது மாடிலேந்து மேரிக்கா. "வந்ததுலேந்து வண்டி மேல குந்திகினு போனாண்ட பேசிகினு கீறான், ஒரு டீ கூட உள்ள போவல. நான் பாத்துகினுதான் கீறேன். போடு தேவி அவனுக்கு தட்டு!"

இரு மாமு. போட்டுட்டாங்க. ஆறிடும்.